அந்தோனியாருக்கு விற்ற பிள்ளை

கல்லடி,
14 ஜனவரி 2024

அன்பு மகள் றஜனிக்கு,

அப்பா எழுதுகிறேன். அந்தோனியார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நல்ல சுகம். பண்டாரவளைக் குளிர் உனக்கு ஒத்துவருகிறதா என்பதுதான் வீட்டில் இப்போது காலையும் மாலையும் பேச்சு.

சிஸ்டராகும் முன் பழகுகிற இந்த நவசந்நியாச வருஷம் முழுக்கப் போன் கிடையாது, மாதத்துக்கு ஒரு கடிதம்தான் என்று மடத்து மதர் சொன்னதும் அம்மாவின் முகம் வாடிப்போயிற்று. நான் விடவில்லை. “நல்லதாப் போச்சு றீற்றா, என்ட கையெழுத்த இனி மடமும் பார்த்து மெச்சட்டும்” என்றேன். உன் அம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு என் பகிடி எப்போதுமே பிந்தித்தான் விளங்கும்.

மட்டக்களப்பு – கல்முனை பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு இப்போது டிக்கெட்டோடு உன் செய்தியும் கிடைக்கிறது. நான் வாயைத் திறக்க முன்னமே கொண்டக்டர் றுமைஸ், “அண்ணன்ட மகள் சிஸ்டராகப் போறா, தெரியுமா?” என்று தொடங்கிவிடுகிறான். எனக்குக் கோபம். பெற்றவன் ஸ்டியரிங்கில் இருக்க அவன் என்ன முந்துகிறது?

போன ஞாயிறு பூசை முடிந்து பாதர் உன் பெயரை வாசித்தார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பழைய கதையை வாசலில் நின்று மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று. நீ நூறு தரம் கேட்டிருப்பாய், நூற்றோராவது தரமும் கேள். கைக்குழந்தையில் உனக்குக் காய்ச்சல் தலைக்கேறி, டாக்டர்மாரே கைவிரித்த நேரம், வாவிக்கரை அந்தோனியாருக்கு உன்னை விற்பதாக நேர்ந்தேன். நீ தப்பினாய். கொண்டுபோய்ப் பீடத்தடியில் கிடத்தி, “இனி இவ உங்கட பிள்ளை” என்றேன். ஊரில் எல்லோரும் விற்ற கையோடு ஏதாவது காணிக்கை வைத்துப் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருவார்கள். அதுதான் வழக்கம். நான் வாங்கவில்லை. கொடுத்தது கொடுத்ததுதான், வளர்த்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படி ஒரு தகப்பன் இந்தக் கரையில் இல்லை என்று பாதரே சொல்கிறார்.

அம்மா எழுதச் சொன்னது: காதை மூடிக்கொண்டு படு.

இப்படிக்கு,
உன் பெருமை பிடித்த அப்பா,
யாக்கோப்பு


பண்டாரவளை,
11 பெப்ரவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

உங்கள் மகள் றஜனி நல்ல சுகம். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க ஒவ்வொரு நாளும் மன்றாடுகிறேன். அப்பாவின் பிறஷர் குளிசை ஒழுங்காகப் போகிறதா?

இங்கே விடிய எழும்பித் தியானம், பிறகு பூசை, பிறகு தோட்ட வேலை. லீக்ஸ் நட்டிருக்கிறோம். கல்லடி மணலில் கத்தரிக்கன்றையே சாகடித்தவள் நான். இங்கே நான் வைத்ததெல்லாம் முளைக்கிறது. பிற்பகலில் மடத்தை ஒட்டிய காது கேளாத பிள்ளைகளின் விடுதியில் எனக்கு வேலை. அதுகளோடு கையால்தான் கதைக்க வேண்டும். நான் கெதியாகப் பழகிவிட்டேன் என்று மதர் சொன்னார்.

சாப்பாடு நல்லம். மீன்தான் இல்லை. கனவில் ஒரு நாள் இறால் ஆணம் வந்தது. அது பாவமா என்று கேட்டேன், மதர் சிரித்தார்.

அம்மா ஏன் ஒரு வரியாவது தன் கையால் எழுதுவதில்லை?

அன்புடன்,
உங்கள் றஜனி


கல்லடி,
17 மார்ச் 2024

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை நானும் வாசித்து, அம்மாவுக்கும் வாசித்து, றுமைஸுக்கும் வாசித்துக் காட்டியாயிற்று. குளிசை போகிறது. நாங்கள் நல்ல சுகம். தவக்காலம் என்று அம்மா மீன் வாங்குவதில்லை. ஆகவே இறால் விஷயத்தில் நீயும் நானும் ஒரே கட்சி.

டிசம்பரில் உன் முதல் வார்த்தைப்பாட்டுக்கு டிப்போவில் ஒரு பஸ் வாடகைக்குக் கேட்டிருக்கிறேன். ஓட்டப்போவது நான்தான். நீ பீடத்தின் முன் நின்று துறவற வாக்குறுதி சொல்லும்போது நம் கோயில் சனம் முழுக்கப் பின்னால் நிற்க வேண்டும். மீன் விற்கிற இராசாத்தி சைவக்காரி. அவளும் வருகிறாளாம். “உங்கட புள்ளையை நான் தூக்கித் திரிஞ்சவள், எனக்கும் ஒரு சீற்று வையுங்க” என்றாள். முன்சீற்று என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளை, ஒன்று சொல்கிறேன். பெரிய வேலையை ஒரேயடியாக நினைத்துப் பயப்படாதே. நான் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது கல்முனையை நினைக்க மாட்டேன். அடுத்த தரிப்பிடத்தை மட்டும்தான் நினைப்பேன். அப்படித்தான் இத்தனை வருஷம் ஓடியது. நீயும் அன்றன்றைக்கு ஓட்டு.

அம்மா ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “நீங்க எழுதுறது ரெண்டு பேருக்கும் காணும்தானே” என்கிறாள். அவள் எழுதச் சொன்னது: சாப்பாட்டைப் பற்றி எழுதினாய், தூக்கத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே?

இப்படிக்கு,
அப்பா


பண்டாரவளை,
12 மே 2024

அன்புள்ள அப்பா, அம்மா,

நீங்கள் அனுப்பிய பயற்றம் பணியாரம் வந்து சேர்ந்தது. சிஸ்டர்மார் அம்மாவின் கைக்கு ஒரு ஆசீர்வாதம் சொன்னார்கள். நான் சுகமாக இருக்கிறேன். தூக்கம் பரவாயில்லை.

விடுதிப் பிள்ளைகளில் ஒருத்தி என் ஊர் எது என்று கையால் கேட்டாள். மட்டக்களப்பு வாவியை எப்படிச் சொல்வது? தேயிலைத் தோட்டத்தில் பிறந்ததுகள், மலையும் ஓடையும்தான் தெரியும். உள்ளங்கையைத் தட்டையாகப் பிடித்து மெதுவாக ஒரு பக்கம் நகர்த்திக் காட்டினேன். அவளுக்குப் பிடித்துவிட்டது. இப்போது விடுதியில் என் பெயரே அதுதான். என்னைக் கண்டால் எல்லாக் கைகளும் தட்டையாக நகரும். அப்பா, அந்த நேரம் எனக்கு வருகிற சந்தோஷத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

தியானத்தில்தான் மனம் நிற்பதில்லை. எல்லோருக்கும் அப்படி வருமாம். வந்து போகுமாம்.

பஸ்ஸை இப்போதே பதிய வேண்டுமா? டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறதே.

அன்புடன்,
றஜனி


கல்லடி,
9 ஜூன் 2024

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். வெயில்தான் மனிதரை வாட்டுகிறது. உன் வாவிப் பெயரைக் கேட்டு அம்மா தன் கையைத் தட்டையாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்தது.

மனம் நிற்கவில்லையா? நிற்காது. எண்ணங்கள் பஸ்ஸில் ஏறுகிற சனம் போல. ஏறும், தள்ளும், சண்டை பிடிக்கும், இறங்கும். சாரதி திரும்பிப் பார்க்கக் கூடாது. உனக்குள் அந்தோனியாரின் பிள்ளை என்ற பலம் இருக்கிறது. நீ சாதாரண ஆள் இல்லை.

பஸ் பதிந்தாயிற்று. எனக்கு வெள்ளைச் சேட்டு, அம்மாவுக்கு நீலச் சேலை. கோயில் மதிலில் உன் படம் போட்டுப் பெரிய பதாகை கட்டப்போகிறார்கள். எந்தப் படம் என்று இளைஞர் சங்கம் கேட்டது. நீ அம்மாவின் முக்காட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிற சின்ன வயதுப் படத்தைக் கொடுத்தேன்.

அம்மா எழுதச் சொன்னது: பரவாயில்லை என்று எழுதாதே. தூங்கினாயா இல்லையா?

இப்படிக்கு,
அப்பா


கல்லடி,
28 ஜூலை 2024

அன்பு மகளுக்கு,

சுகமா பிள்ளை? ஜூனிலும் கடிதம் இல்லை, ஜூலையும் முடியப்போகிறது. தபால்காரரைப் பிடித்துக் கேட்டேன். “எனக்கு வராத காயிதத்த நான் எங்க போய்த் தேடுற?” என்று ஏசினார். உனக்கு வேலை கூட இருக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன். அவள் கேற்றடியில் போய்ப் போய் நிற்கிறாள்.

ஒரு வரியென்றாலும் எழுது.

அப்பா


பண்டாரவளை,
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பா,

உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம். நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். எழுதி எழுதிக் கிழித்தேன்.

மதர் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டார். நான் யோசிக்காமல், “அப்பா என்னைக் கடவுளுக்குக் கொடுத்தவர்” என்றேன். மதர் “அது அப்பாவின் பதில், மகள். உன் பதில் என்ன?” என்றார். அப்பா, அன்று முதல் தேடுகிறேன். கிடைத்த பதிலை உங்களுக்கு எப்படி எழுதுவதென்றுதான் இவ்வளவு நாளும் போயிற்று.

நான் துறவற வார்த்தைப்பாடு கொடுக்க விரும்பவில்லை. இந்த மடத்தில் ஒருவரும் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. செபம் எனக்குப் பிடிக்கும், கடவுளோடு கோபமும் இல்லை. ஆனால் எனக்கு ஒரு வீடு வேண்டும், ஒரு நாள் பிள்ளைகள் வேண்டும். காது கேளாத பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வேண்டும். இதை நினைக்கும்போது என் மனம் நிற்கிறது. தியானத்தில் நிற்காத மனம் இதில் நிற்கிறது.

ஆனால் நேர்த்தி இருக்கிறதே. கடவுளுக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுத்தால் உங்களுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று இரவெல்லாம் பயமாக இருக்கிறது. அதுவும் போக, பதாகை, பஸ், றுமைஸ், இராசாத்தியக்கா... நீங்கள் தலை குனிந்து பஸ் ஓட்டுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. அதனால் முடிவை உங்களிடமே விடுகிறேன். இரு என்றால் இருந்துவிடுவேன், முகம் கோணாமல்.

ஒக்டோபர் முடிய முன் மதருக்குச் சொல்ல வேண்டும்.

உங்கள் மகள்,
றஜனி


கல்லடி,
8 செப்டெம்பர் 2024

மகள் றஜனிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். மழை இன்னும் இல்லை. பஸ் திருத்த வேலைக்குப் போயிருக்கிறது, இந்தக் கிழமை எனக்கு ஓட்டம் இல்லை.

அம்மா ஒன்றும் எழுதச் சொல்லவில்லை.

யாக்கோப்பு


கல்லடி,
15 செப்டெம்பர் 2024

என் செல்லப் பிள்ளைக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உன் அப்பாவைப் போல எழுத வராது. எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே. நீ நல்லாகச் சாப்பிட்டு, நல்லாகத் தூங்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அப்பா உன் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டவில்லை. சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். துவைக்கப் போடும்போது எடுத்து நானே வாசித்தேன். அன்றைக்கே அவரை இருத்தி இதைச் சொன்னேன். இப்போது உனக்கும் சொல்கிறேன்.

நீ விற்ற பிள்ளை இல்லை. நான் உன்னை அன்றைக்கே வாங்கிவிட்டேன்.

அப்பா உன்னைப் பீடத்தடியில் கிடத்திச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, வாங்கமாட்டேன் என்று என் கையில் தந்தார். வெளியே அவர் ஓட்டி வந்த பஸ் நின்றது. ஏறப்போன நேரத்தில் என் கால் ஏறவில்லை. பிள்ளையின் துவாய்த் துண்டைக் கோயிலுக்குள் விட்டுவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லி, உன்னையும் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடினேன். கோயில் மணியடித்து மெழுகுதிரி பார்க்கிற சங்கிலித்தாம் சூசை அப்போதுதான் கதவைச் சாத்தப்போனார். “அண்ண, நான் வாங்கப்போறன்” என்றேன். என்ன காணிக்கை என்று கேட்டார். கையில் ஒன்றும் இல்லை. தலையில் இருந்தது கல்யாணத்துக்குப் போட்ட லேஸ் முக்காடு. உன்னைப் பீடத்தடியில் கிடத்தி, அதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். அவர் உன்னைப் பீடத்தடியில் இருந்து தூக்கி என் கையில் தந்து, “அந்தோனியார் தந்திட்டார், கொண்டு போ தங்கச்சி” என்றார். வெளியே உன் அப்பா ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார்.

உன் அப்பாவுக்கு ஏன் சொல்லவில்லை என்றால், அந்த மனிதன் அன்றைக்குக் கண்ணீரும் வடிய அவ்வளவு பெருமையாக இருந்தார். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நீ மடத்துக்குப் போகப்போகிறேன் என்று சொன்னபோது அது உன் ஆசை என்று நினைத்தேன். தாய் குறுக்கே நிற்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் உன் கடிதங்களில் தூக்கத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன்.

அதனால் பிள்ளை, நீ ஒருவருடைய நேர்த்தியும் இல்லை. அந்தோனியாருக்கு உன்னில் ஒரு உரிமையும் பாக்கியில்லை, அப்பாவுக்கும் இல்லை, வாங்கின எனக்கும் இல்லை. அங்கே இருக்க ஆசை என்றால் இரு, எனக்குச் சந்தோஷம். வர ஆசை என்றால் வா, அதுவும் சந்தோஷம். ஆருக்காகவும் எதையும் செய்யாதே.

அதைக் கேட்டதும் அப்பா எழும்பிப் போய்ப் பாலத்தடியில் நின்றுவிட்டு வந்தார். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னை விலை கொடுத்து வாங்கிய,
அம்மா


பண்டாரவளை,
6 ஒக்டோபர் 2024

என் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு லீக்ஸ் பாத்திக்குள் இருந்து நல்லாக அழுதேன். பிறகு நல்லாகத் தூங்கினேன். மணியடித்தும் எழும்பவில்லை. மதர் ஏசவில்லை.

ஒருவருக்கும் கொடுக்கப்படாத ஆளாக ஒரு கிழமை இருந்து பார்த்தேன். இப்போது இந்த மடத்தில் இருக்கவும் எனக்கு உரிமை உண்டு என்று நினைத்து, இருந்துவிடலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். பதில் அதேதான். நான் வருகிறேன் அம்மா. மதரிடம் போய்ச் சொன்னேன். என் தலையில் கை வைத்து, “இதுதான் உன்ட வாயால வந்த முதல் பதில்” என்றார். நம் ஊர்ப்பக்கத்தில் காது கேளாத பிள்ளைகள் படிக்கிற ஒரு பாடசாலையில் உதவி ஆசிரியையாகச் சேர ஒரு கடிதமும் தந்திருக்கிறார். படித்துக்கொண்டே வேலை செய்யலாம்.

விடுதிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை பதுளை பஸ்ஸில் வந்து மட்டக்களப்பில் இறங்குவேன். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது? அவர் சுகத்தை நீங்களே எழுதுங்கள். அவர் எழுத மாட்டார் என்று தெரியும். பஸ்ஸில் அவர் முகம் எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள்,
றஜனி


கல்லடி,
10 நவம்பர் 2024

அன்பு மகள் றஜனிக்கு,

அவர் எழுத மாட்டார் என்று உனக்கு யார் சொன்னது? அப்பாதான் எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் சுகம், இப்போது கதைத்துக்கொள்கிறோம். ஒரு கிழமை கதைக்கவில்லை. சோறு மட்டும் கேட்டேன், போட்டாள்.

மறைக்காமல் சொல்கிறேன், எனக்குக் கடும் கோபம். உன்னில் பாதி, உன் அம்மாவில் பாதி. ஊர் முழுக்க நான் வாய் கிழியச் சொன்ன கதை பொய்யாகிவிட்டதே. சண்டை பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே என்று சங்கிலித்தாம் சூசையின் வீட்டுக்கே போனேன். கிழவருக்குக் கண் மங்கல், வாய் மங்கவில்லை. “எனக்குச் சொல்லாம என்ட புள்ளைய எப்படிக் குடுத்தீங்க?” என்று கேட்டேன். “வாங்க வந்தவ தாய். வாங்காமப் போனவன் நீ. இதில ஆருக்கடா கோவம் வரவேணும்?” என்றார். தேத்தண்ணியும் தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

வரும் வழியில் எனக்கு நினைவு வந்தது அந்த ஹோர்ன் சத்தம்தான். உன் அம்மா உள்ளே உன்னை வாங்கிக்கொண்டு நிற்க, நான் வெளியே நேரம் போகிறதென்று அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பாலத்தடியில் நின்று சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. அவ்வளவு கெட்டிக்காரியைக் கட்டியிருக்கிறேன் என்று இத்தனை காலமும் தெரியாமல் போயிற்றே!

பிறகு உன் கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். முகம் கோணாமல் இருந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாய். பிள்ளை, எனக்காகவா? நான் தலை நிமிர்ந்து பஸ் ஓட்ட, நீ அங்கே தூக்கமில்லாமல் கிடப்பதா? அப்படி ஒரு நிமிர்வு எனக்கு வேண்டாம்.

பதாகைக்குக் கொடுத்த படத்தை வாங்கி வந்துவிட்டேன். டிப்போ பஸ்ஸையும் வேண்டாம் என்றாயிற்று. போன செவ்வாய் ஆரையம்பதியில் சனம் ஏறும்போது இராசாத்தி எல்லாருக்கும் கேட்க, “மகள் மடத்தால வாறாவாமே, என்னகா குறை?” என்றாள். றுமைஸ் வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். நான் எஞ்சினை நிறுத்திவிட்டு எழும்பித் திரும்பினேன்.

“ஒரு குறையும் இல்ல. முந்தி நான் குடுத்த புள்ளை எண்டு பெருமை பேசினன். அது என்ட பெருமை. இப்ப அவ தானா யோசிச்சு, தகப்பனுக்குப் பயப்படாம எழுதி, வேலையும் தேடிக்கொண்டு வாறா. இது அவட பெருமை. இனி இந்த பஸ்ஸில இந்தக் கதைதான் ஓடும், கேக்க ஏலாதவங்க இறங்கலாம்” என்றேன். ஒருவரும் இறங்கவில்லை. “நான் ஏன் இறங்குற, எனக்குக் கதை வேணும்” என்று இராசாத்தி கூடையோடு முன்சீற்றில் வந்து இருந்தாள். அவளுக்கு முதலிலிருந்து சொன்னேன், உன் அம்மாவின் பங்கையும் சேர்த்து. இந்தக் கதை பழைய கதையை விட நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

கடைசிச் சனிக்கிழமை நீ மட்டக்களப்பில் பதுளை பஸ்ஸால் இறங்கும்போது, நிலையத்தின் கல்முனைப் பக்கம் என் பஸ் நிற்கும். நேரம் பிந்தினாலும் நிற்கும், நான் ஹோர்ன் அடிக்க மாட்டேன். அம்மா இறாலுக்குச் சொல்லி வைத்துவிட்டாள்.

றுமைஸ் உன்னிடம் காசு வாங்கமாட்டானாம். அந்தக் கதை வேண்டாம், கிழிக்கிற டிக்கெட்டைக் கிழி என்று சொல்லிவிட்டேன். என் மகள் யாரும் கொடுத்தும் வரவில்லை, யாரும் வாங்கியும் வரவில்லை. நீ உன் டிக்கெட்டை நீயே எடுத்துக்கொண்டு ஏறு.

கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் அப்பா,
யாக்கோப்பு